ஏழு மரத்தூண்களும் ஒரு சின்னப் பாவாடையும்

எங்கள் ஊர் ஆற்றுக்கு ஒரு வழக்கம் உண்டு. கொஞ்ச நேரம் கடலைப் பார்த்து ஓடும். பிறகு மனசு மாறியதுபோல் வந்த வழியே திரும்பி உள்ளே ஓடும். கடல் ஏறும்போது ஆறும் ஏறுகிறது, அவ்வளவுதான் விஷயம். ஆனால் மேற்குக் கடலோரத்து அசாம் ஜாவாவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில், பக்கத்துப் பட்டணமான கோலசிலாங்கூரின் படகுத்துறையில் நின்று முதன்முதலாக அதைப் பார்த்தபோது எனக்குத் தலை சுற்றியது. காலையில் மேற்கே போன செம்பனை மட்டை ஒன்று, மத்தியானம் ஒன்றுமே நடக்காததுபோல் கிழக்கே வந்துகொண்டிருந்தது. நான் புக்கிட் செந்தோசாவில் வளர்ந்தவள். எங்கள் தாமான் குடியிருப்பில் ஆறு கிடையாது. மழை பெய்தால் ஓடுகிற பெரிய சாக்கடை ஒன்று உண்டு, அதுவும் ஒரே பக்கமாகத்தான் ஓடும்.

அன்றிலிருந்து அந்தக் கரையில் நின்றால் எனக்குக் கை கால் ஓடாது. வந்த வேலை மறந்துவிடும். பழுப்புத் தண்ணீர் நகர்வதே தெரியாமல் நகரும். அக்கரையில் பாசிர் பெனம்பாங்கின் மீன் கொட்டகைகள் வெயிலில் மிதக்கும். கண் திறந்திருக்கும்போதே பாதி தூங்கிப்போய், யாராவது மோட்டாரில் ஹாரன் அடித்த பிறகுதான் எனக்கு நினைவு வரும்.

ஒரு தமிழ் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் கலை பண்பாட்டுப் பக்கம் எழுதுவது என் பிழைப்பு. நாட்டிய அரங்கேற்றம், நூல் வெளியீடு, ஓவியக் கண்காட்சி என்று எங்கே குத்துவிளக்கு ஏற்றினாலும் மூன்றாவது வரிசையில் நான் உட்கார்ந்திருப்பேன். என் பக்கத்தை யாராவது படிக்கிறார்களா என்று எனக்கு வெகுகாலமாகச் சந்தேகம். செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிற என் வீட்டுக்காரருக்கு அந்தச் சந்தேகமே இல்லை. “உன் பக்கத்துலதான் நாசி லெமாக் நல்லா மடிக்க வருது லா. மத்த பக்கமெல்லாம் எண்ணெ ஊறிப் போவுது,” என்பார். நான் முறைப்பேன். அவர் தேங்காய்ப்பால் சோற்றோடு சம்பலை வழித்துச் சாப்பிடுவார்.

சில வருடங்களாக ஆறுகளும் என் பக்கத்துக்கு வந்து சேர்ந்துவிட்டன. முன்பெல்லாம் ஆறு என்றால் வெள்ளம், இல்லாவிட்டால் யாரோ மூழ்கிய செய்தி. அதெல்லாம் முதல் பக்கத்துக்காரர்களின் பாடு. இப்போது ஆற்றைச் சுத்தம் செய்து, கரை கட்டி, விளக்குப் போட்டு, சுவரில் மீன்கொத்தி வரைந்து, கலைஞர்களைக் கூப்பிட்டுத் திறப்புவிழா வைக்கிறார்கள். தலைநகரத்து ஆற்றங்கரைக்கு நீல விளக்கும் பொய்ப்பனியும் வந்த பிறகு சின்னப் பட்டணங்களுக்கும் ஆசை வந்துவிட்டது. எங்கள் பட்டணத்துக்கும் வந்தது. சேறும் பிளாஸ்டிக்கும் உடைந்த படகு ஜெட்டியும் கிடந்த இடத்தை நகராண்மைக் கழகம் வேலியடைத்தது. வேலியை எடுத்தபோது அங்கே வழவழப்பான நடைபாதையும், உட்கார பெஞ்சுகளும், கரை நெடுக மின்னுகிற கம்பித் தடுப்பும் இருந்தன. கிண்டல் செய்யத் தயாராகப் போனேன். ஆனால் உண்மையைச் சொன்னால், அழகாக இருந்தது. சாயங்காலம் குடும்பம் குடும்பமாக மக்கள் நடந்தார்கள். நாற்றம் பிடித்த ஆற்றுக்கு எல்லாரும் முதுகு காட்டியிருந்த காலம் போய், எல்லாரும் அதைப் பார்த்து நின்றார்கள். எனக்கு அது பிடித்தது.

அங்கேதான் அந்தச் சிற்பியைச் சந்தித்தேன். முப்பது வயதுக்குள் இருக்கும். கலும்பாங்கிலிருந்து வந்தவள், வேலை செய்த ரப்பர் தோட்டத்தை விற்றபோது வெளியேறிய கிறிஸ்துவக் குடும்பம். அப்பா பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார், அம்மா மாதா கோயில் பாடகர் குழுவில் முன்வரிசை. இவள் ஷா ஆலாமில் ஒரு விளம்பரக் கம்பெனி வேலையை விட்டுவிட்டு இந்த ஆற்றங்கரைக்கு வந்திருந்தாள். கரை கட்டச் சேற்றைத் தோண்டியபோது, அடியில் புதைந்து கிடந்த ஒரு பழைய படகுத்துறையின் மரத்தூண்கள் மேலே வந்திருக்கின்றன. குத்தகைக்காரர் அவற்றைக் குப்பைக்கு ஏற்ற இருந்தார். இவள் லோரியை மறித்து நின்று இறக்கியிருக்கிறாள். பிறகு அவற்றைத் தேய்த்து, காயவைத்து, கம்பித் தடுப்புக்கு இந்தப் பக்கம் தண்ணீரைப் பார்த்தபடி வரிசையாக நட்டாள். மொத்தம் ஏழு தூண்கள். உப்புநீரில் ஊறிக் கருத்த மரம், ஒவ்வொன்றும் ஒரு சின்னப் பெண்ணின் உயரம், மேனியெல்லாம் சிப்பி ஒட்டிய வடு.

“ஏன் ஏழு?” என்று கேட்டேன். ஏழு ஸ்வரம், ஏழு கடல், ஏழு பிறவி என்று எழுதுவதற்கு நான் ஏற்கெனவே மனசுக்குள் இலை போட்டு வைத்திருந்தேன்.

“ஏழுதான்கா உளுத்துப் போகாம இருந்துச்சு. மிச்சமெல்லாம் தொட்டதும் பொடியாயிடுச்சு,” என்றாள்.

அவளிடம் இதுதான் தொல்லை, கலை விமர்சகர்களுக்கு உதவவே மாட்டாள். தூண்களுக்குப் பக்கத்தில் ஒரு கருங்கல் பலகை வைக்கப்போகிறார்கள், அதில் அவள் பெயர் இருக்கும் என்று மட்டும் கூச்சத்தோடு சொன்னாள். “எங்க வீட்ல இதுவரைக்கும் யார் பேரும் கல்லுல வந்ததில்லக்கா, கல்லறையத் தவிர.” சொல்லிவிட்டுச் சிரித்தாள். பொது இடத்தில் அவள் வைக்கும் முதல் வேலை அது. அது நிலைத்தால்தான் அடுத்தது. நிலைக்காவிட்டால் மறுபடியும் ஷாம்பு விளம்பரத்துக்குப் படம் போடப் போக வேண்டியதுதான்.

திறப்புவிழாவுக்குச் சில வாரம் இருந்தபோது ஒரு காலையில் அவள் போன் செய்தாள். குரல் ஒரு மாதிரி இருந்தது.

“அக்கா, யாரோ என் மரத்துக்குப் பொட்டு வச்சிருக்காங்க.”

நான் போய்ப் பார்த்தேன். பொட்டு மட்டுமில்லை. ஏழு தூண்களுக்கும் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, இடுப்பில் மஞ்சள் துணி கட்டியிருந்தது. காலடியில் கறுப்பு வளையல்கள், ஓர் எலுமிச்சை, கற்பூரம் எரிந்த கரி. ஒரு தூணின் அடியில் மட்டும் ஆரஞ்சுப் பழம் ஒன்றும் மூன்று ஊதுபத்தியும் இருந்தன. அது பக்கத்துச் சாமான் கடை முதலாளி, சீனத் தவ்க்கேயின் வேலையாக இருக்க வேண்டும். தெய்வம் என்று கேள்விப்பட்டால் அவர் யாரையும் விட்டுவைக்க மாட்டார்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நீர்க்கரை, வரிசையாக ஏழு, தண்ணீரைப் பார்த்த முகம். தோட்டத்தில் வளர்ந்த எந்தத் தமிழனுக்கும் தமிழச்சிக்கும் அது யார் என்று சொல்லித் தர வேண்டியதில்லை. கன்னிமார், அக்கா தங்கைகளாக ஏழு பேர். ஆற்றோரத்தில் ஏழு கல்லை நட்டு மஞ்சள் பூசினால் அதுதான் அவர்கள் கோயில். கூரை கேட்க மாட்டார்கள், கோபுரம் கேட்க மாட்டார்கள். தண்ணீர் பக்கத்தில் இருந்தால் போதும். இவ்வளவு நாளும் அந்தத் தூண்களைப் பார்த்துக்கொண்டிருந்தும் எனக்கு அது தோன்றவே இல்லை. கலையைப் பார்க்கிற கண்ணால் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

“நீ தெரியாமலே கோயில் கட்டிட்டியே மா,” என்றேன்.

“அக்கா, வெளையாடாதீங்க. எங்கம்மா பாத்தாங்கன்னா நான் காலி.”

ஆனால் அவள் பயந்தது அம்மாவுக்கு மட்டுமில்லை. அன்று மத்தியானமே நகராண்மைக் கழக அதிகாரி வந்தார். திட்டத்துக்குப் பொறுப்பானவர், மலாய்க்காரர், மெதுவாகப் பேசுகிறவர். கோபப்பட்டிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். இது பொது இடம், இங்கே எந்த மதத்துக்கும் வழிபாட்டு இடம் வைக்க அனுமதி இல்லை, ஒரே ஒரு புகார் வந்தாலும் தூண்களைப் பெயர்த்துக் கிடங்கில் போடுவதைத் தவிர தனக்கு வேறு வழியில்லை என்று சொன்னார். திறப்புவிழாவுக்குள் இதற்கு ஒரு முடிவு கட்டிவிடுங்கள் என்றார். சொல்லிவிட்டு அந்த எலுமிச்சம்பழத்தை மிதித்துவிடாமல் சுற்றிக்கொண்டு போனார்.

நாங்கள் இரண்டு பேரும் வாளியில் தண்ணீர் எடுத்துத் தூண்களைக் கழுவினோம். குங்குமம் போயிற்று. மஞ்சள் லேசில் போகவில்லை, மரத்தின் வரிகளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. கழுவக் கழுவ எனக்கு என்னவோ போல் இருந்தது. திருவிழா முடிந்ததும் குளிப்பாட்டிவிட்ட பிள்ளைகள் மாதிரி ஏழும் ஈரத்தோடு நின்றன. மறுநாள் பார்த்தால் மறுபடி குங்குமம். ஆளைப் பிடித்துப் பேசிவிடுவது என்று முடிவு செய்து, அவளும் நானும் காவல் இருந்தோம்.

அந்தக் காவல் நாட்கள் எனக்கு இப்போது கனவில் கண்டவை போலத்தான் நினைவில் இருக்கின்றன. ஆளில்லாத மத்தியானம். ஆறு வற்றி, கரையோரச் சேற்றில் நண்டுகள் ஓடும். எங்கோ வெட்டவெளியில் எரித்த நெருப்பின் புகை வானத்தை வெளுக்க வைத்திருந்தது, சூரியன் பழைய வெள்ளிக்காசு மாதிரி தொங்கியது. ஒரு நாள் தூணில் சாய்ந்தபடியே தூங்கிப்போனேன். ஏழு சிறுமிகள் கம்பித் தடுப்பின்மேல் வரிசையாக உட்கார்ந்து கால்களை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருத்திக்குப் பின்னால் ஒருத்தியாக உட்கார்ந்து தலை வாரிக்கொண்டார்கள். கடைசிச் சிறுமிக்கு வாரிவிட ஆள் இல்லை. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் சீப்பைத் தேடி என் கைப்பையைத் திறந்தேன், விழித்துக்கொண்டேன். கைப்பை உண்மையிலேயே திறந்திருந்தது.

அப்போதுதான் அந்த அக்கா வந்தார்.

ஐம்பதைத் தாண்டியவர். ரப்பர் செருப்பு, நனைந்த கைலி, அதற்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை. கையில் பிளாஸ்டிக் பை. கிட்டே வந்ததும் இறால் வாடை வந்தது. எங்களைப் பார்த்து அவர் ஒளியவும் இல்லை, தயங்கவும் இல்லை. “இதக் கொஞ்சம் புடி தங்கச்சி,” என்று பையை என்னிடம் கொடுத்துவிட்டு, முந்தியில் முடிந்திருக்க வேண்டிய குங்குமத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தார். முதல் தூணுக்கு வைத்தார். இரண்டாவதுக்கு வைத்தார்.

“அக்கா, இத நீங்கதான் தெனம் செய்றீங்களா?” என்றேன்.

“வேற யாரு செய்வா? நட்டு வச்சிட்டுப் போயிட்டாங்க, ஒரு பூ இல்ல, பொட்டு இல்ல. பொம்பளப் புள்ளைங்கள இப்படியா மொட்டையா நிப்பாட்டுறது?” ஏழாவதுக்கும் வைத்து முடித்துக் கையைச் சட்டையில் துடைத்தார். “ஆனா ஒண்ணு தங்கச்சி, கவர்மெண்டுல நம்ம ஆளு யாரோ இருக்காங்க. பெரிய மனசு. கம்பி போட்டு ஆத்த அடச்சப்ப, சரி, நம்மள மறந்துட்டாங்கன்னுதான் நெனச்சேன். அப்பறம் வந்து பாத்தா, ஏழு பேரையும் வரிசையா நிக்க வச்சிருக்காங்க. எனக்கு அழுவ வந்துருச்சு லா.”

  சிற்பி பேசவேண்டிய வசனத்தை நாங்கள் இரண்டு நாளாக ஒத்திகை பார்த்து வைத்திருந்தோம். இது கலைப்படைப்பு, வழிபாட்டுக்கு உரியதல்ல, தயவுசெய்து ஒத்துழைக்க வேண்டும். அதில் ஒரு சொல்கூட வெளியே வரவில்லை. “ஒக்காருங்க ஆண்ட்டி,” என்றாள். அவ்வளவுதான்.

அக்கா பெஞ்சில் உட்கார்ந்தார். அக்கரையில் மீன் கொட்டகையில் இறால் உரிக்கிற வேலை. அதற்கு முன் ஆற்றின் மேல்பக்கம், பாலத்துக்கு அப்பால், மின்மினி பார்க்கப் போகும் கம்பத்துக் கிராமத்தையும் தாண்டி ஒரு தோட்டத்தில் இருந்தவர். தோட்டத்து லயத்து வீட்டில்தான் பிள்ளை பிறந்தது. ஒரே பெண். ஒன்பது வயதில் காய்ச்சல் வந்து போய்விட்டது. கல்யாணம் ஆகும் முன்னே இறந்துபோன பெண்பிள்ளை எங்கள் பக்கத்தில் வீட்டுக்குத் தெய்வம். அவளும் கன்னிமார் கூட்டத்தோடு சேர்ந்துகொள்கிறாள் என்று நம்புவோம். ஆடி மாதத்தில் அவளுக்குப் புதுப் பாவாடை சட்டை, வளையல், பூ வைத்துக் கும்பிடுவோம்.

“தோட்டத்துச் சுடுகாட்டுலதான் பொதச்சோம். அப்பறம் தோட்டத்த வித்துட்டாங்க. வீடு கட்டப் போறாங்கன்னு சுடுகாட்டயும் தோண்டினாங்க. எலும்ப ஒரு பானையில போட்டு எங் கையில குடுத்தாங்க. இந்தா, இந்த எடத்துலதான், பழைய ஜெட்டியில நின்னு கரச்சோம்.” கையால் ஆற்றைக் காட்டினார். “அன்னைக்குத் தண்ணி வத்திக்கிட்டு இருந்துச்சு. இழுத்துக்கிட்டு நேரா கடலுக்குப் போயிருச்சு. அவளுக்குக் கடல்னா பயம். ஒரு தடவ ரெமிஸ் கடலுக்குக் கூட்டிட்டுப் போனோம். எங் கழுத்தப் புடிச்சவ, பஸ்சுக்கு வர்ற வரைக்கும் விடல.”

 கைலியின் ஈரத்தைப் பிழிந்துகொண்டே மேலும் சொன்னார்.

“ஒவ்வொரு ஆடிக்கும் ஒரு பாவாட வாங்கியாந்து தண்ணியில உடுவேன். கடக்காரன் எத்தன வயசுப் புள்ளைக்குன்னு கேப்பான். ஒம்போதும்பேன். வருசா வருசம் ஒம்போதுதான்.” சிரித்தார். “படகெல்லாம் ஏத்தத் தண்ணியிலதான் கரைக்கு வரும். அப்ப எனக்குக் கொட்டகையில வேல. நான் உட்டு வர்ற நேரமெல்லாம் வத்தந்தான். எல்லாப் பாவாடையும் கடலுக்குத்தான் போவுது. என்னா செய்றது? போட்டுக்கிட்டா சரி.”

 சிற்பி நேரே அந்த அக்காவின் முன்னால் போய்க் குந்தி உட்கார்ந்தாள். மூச்சை இழுத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். தூண்களை நட்டது கவர்மெண்டு இல்லை, தான்தான் என்றாள். சாமி என்று நினைத்து நடவில்லை, தனக்குக் கன்னிமாரைத் தெரியவே தெரியாது, தான் வேதக்காரி என்றாள். பொட்டு வைத்தால் பிடுங்கிவிடுவார்கள் என்றாள். சொல்லச் சொல்ல அவளே அழ ஆரம்பித்துவிட்டாள்.

அக்கா அவளை மேலும் கீழும் பார்த்தார். “நீயா நட்ட? இந்தக் கையாலயா? நான் என்னமோ கவர்மெண்டுன்னு நெனச்சேன்.” பிறகு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “ஐயோ, அந்தச் சீனவருகூட வந்து பத்தி கொளுத்துனாரே!” நாங்களும் சிரித்தோம். ஒரு மோட்டார்க்காரர் வண்டியை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போனார்.

சிரிப்பு நின்றதும் அவர் சொன்னதுதான் எல்லாவற்றையும் மாற்றியது. “பூசறதுக்கு எனக்கு மரம் வேணாம்மா. அது ஒன்னோடது, நீ வச்சிக்க. எறங்கறதுக்கு எடம் வேணும். இந்தக் கம்பிக்கு மேல எட்டி நின்னு வீசச் சொல்றியா, குப்ப வீசற மாதிரி?”

அன்று மாலை ஆசிரியருக்குப் போனில் விஷயத்தைச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. அவர் துள்ளிக் குதித்தார். “கலைப்பொருளக் கும்பிட்ட மக்கள்! இத முதல் பக்கத்துக்குக் குடு. படம் பெருசா வேணும், குங்குமத்தோட.” என் எழுத்துக்கு முதல் பக்கம் என்பது நான் பல வருடமாகக் கண்ட கனவு. ஒரு நொடி அந்தப் பக்கம் என் கண்முன்னால் விரிந்தது என்பதை மறைக்க மாட்டேன். ஆனால் அது வெளிவந்த மறுநாள் தூண்கள் கிடங்கில் இருக்கும் என்பதும் எனக்குத் தெரியும்.

“முடியாதுண்ணே,” என்றேன்.

“என்னா முடியாது? செய்திதானே?”

“பேப்பர் ஒரு நாளைக்குத்தாண்ணே. அந்தம்மாவுக்கு ஆடி வருசா வருசம் வரும்.”

 “சரி, உன் பக்கத்துல என்னத்தயோ எழுது. யாரு படிக்கப் போறா,” என்று போனை வைத்தார். அதில் கோபம் பாதி, அனுமதி பாதி.

யாரும் படிக்காத அந்தப் பக்கத்தில் அந்த ஞாயிற்றுக்கிழமை நான் எழுதியதைப் போல் அதற்கு முன்னும் எழுதியதில்லை, பின்னும் இல்லை. கன்னிமாரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. குங்குமம் இல்லை, அக்கா இல்லை. புதுப்பித்த ஆற்றங்கரையைப் புகழ்ந்தேன், மனசாரத்தான். பிறகு அந்தத் தூண்கள் ஒரு காலத்தில் படகுத்துறையாக இருந்தவை, மனிதர்கள் தண்ணீருக்கு இறங்குவதற்காக நின்றவை என்று எழுதினேன். தடுப்புக்குப் பின்னால் இருந்து பார்க்கிற ஆறு சுவரில் மாட்டிய படம் என்றேன். பார்க்க வந்தவர் தண்ணீரைத் தொட்டால்தான் இந்தப் படைப்பு முழுமையடையும், இந்தத் தூண்கள் ஒரு படிக்கட்டுக்காகக் காத்திருக்கின்றன என்று முடித்தேன். விமர்சகர்கள் பெரிதாக எழுதுகிற வழக்கமான வாசகம்தான். இந்த முறை அதில் ஒரு வேலை இருந்தது.

சிற்பி வரைபடத்தைத் திருத்தினாள். தூண்களுக்கு நேரே கம்பித் தடுப்பில் ஒரு வழி, அதிலிருந்து தண்ணீருக்கு இறங்கும் சிமெண்டுப் படிகள். என் கட்டுரையை நானே உட்கார்ந்து மலாயில் மாற்றிக் கொடுத்தேன். இரண்டையும் எடுத்துக்கொண்டு அதிகாரியிடம் போனோம். அவர் கட்டுரையை மெதுவாகப் படித்தார். திருப்பிப் படித்தார். படிக்கட்டு கலைக்காகத்தானே என்று என்னைப் பார்த்துக் கேட்டார். ஆமாம் என்றேன். தூண்கள் சுத்தமாக இருக்குமா என்றார். இருக்கும் என்றாள் சிற்பி.  பிறகு பேனாவை எடுத்து, படிகளின் ஓரத்தில் கைப்பிடி ஒன்றை அவரே வரைந்தார். வழுக்காத கல்லாகப் போடுங்கள், வயதானவர்களும் இறங்குவார்கள் என்றார். அவருக்குத் தெரிந்திருக்கிறது என்றுதான் நான் நினைக்கிறேன். நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

என் வீட்டுக்காரரிடம் அன்று பெருமை அடித்துக்கொண்டேன். என் பக்கத்தைப் படித்து ஒரு படிக்கட்டே கட்டப்போகிறார்கள் என்றேன். “அப்ப இனிமே அதுல நாசி லெமாக் மடிக்கக் கூடாதுன்னு சொல்லிர்றேன்,” என்றார். ஆனால் அந்தத் தாளை மடித்து லோரியின் முன்கண்ணாடிக்குக் கீழே வைத்துக்கொண்டார். இன்னும் அங்கேதான் இருக்கிறது, வெயிலில் மஞ்சளாகி.

இதையெல்லாம் இப்போது துணிந்து எழுதுகிறேன் என்றால், அந்தத் தூண்களில் இன்று ஒரு பொட்டுகூட இல்லை என்பதால்தான். சந்தேகமிருந்தால் போய்ப் பார்க்கலாம். இனிப் பத்தி வேண்டாம் என்று சீனத் தவ்க்கேயிடமும் அக்காவே போய்ச் சொல்லிவிட்டார். எழுதட்டுமா என்று கேட்டதற்கு, “எழுது லா, யாரு அடிக்கப் போறா,” என்றார்.

திறப்புவிழா ஆடி மாதத்தில் அமைந்தது. யாரும் பார்த்து வைத்த நாள் இல்லை, பந்தல்காரருக்கு அன்றுதான் ஒழிந்தது. கொம்பாங் மேளம் கொட்டினார்கள், பேச்சு நடந்தது, ரிப்பன் வெட்டினார்கள். கருங்கல் பலகையில் சிற்பியின் பெயர் இருந்தது. அவள் அப்பா அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். அவள் அம்மா வரிசையாக நின்ற தூண்களை வெகுநேரம் பார்த்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு சிலுவை போட்டுக்கொண்டே போனார். விருந்தாளிகள் வருகிறார்கள் என்று அன்று படகுகளைக் கரைக்கு வர வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். அக்கரையில் கொட்டகைகள் மூடிக் கிடந்தன. எனக்கு அப்போது அது மண்டையில் ஏறவில்லை.

கூட்டம் கலைந்து, பந்தல் பிரிக்கும் நேரத்தில் அந்த அக்கா வந்தார். அடையாளமே தெரியவில்லை. மஞ்சள் புடவை, தலையில் பூ, இறால் வாடை துளியும் இல்லை. கையில் அதே மாதிரி ஒரு பிளாஸ்டிக் பை. தூண்களைக் கடந்து போகும்போது அவற்றைத் தொடவில்லை, ஒரு தலையசைப்பு மட்டும், தெரிந்தவர்களைப் பார்த்தால் செய்வது போல. கைப்பிடியைப் பிடித்துப் படியில் இறங்கினார். எனக்கும் சிற்பிக்கும் கூடப் போவதா வேண்டாமா என்று தெரியவில்லை. மேல்படியில் நின்றோம்.

தண்ணீர் அவர் கணுக்கால்வரை வந்தது. பையிலிருந்து பாவாடையை எடுத்தார். பச்சை நிறம், சரிகைக் கரை, ஒன்பது வயதுக்கு. அதில் வளையலையும் கொஞ்சம் மஞ்சளையும் வைத்து மடித்தார். குனிந்து, இரண்டு கையாலும், தூங்குகிற பிள்ளையைக் கீழே கிடத்துகிற மாதிரி தண்ணீரில் விட்டார். பிறகு பழக்கத்தில் கடல் பக்கம் திரும்பிக் கும்பிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

பாவாடை அங்கே போகவில்லை. படியோரத்தில் ஒரு சுற்றுச் சுற்றியது, காற்றுப் புகுந்து குடை மாதிரி விரிந்தது, மெல்லக் கிழக்கே திரும்பியது. ஆறு ஏறிக்கொண்டிருந்தது. படகு வராத நாள், கொட்டகை இல்லாத நாள், அவர் முதன்முதலாக ஏற்றத்தில் வந்திருக்கிறார். அவருக்கே அது நினைவில் இல்லை.

“ஆண்ட்டி,” என்றாள் சிற்பி.  “ஆண்ட்டி, அந்தப் பக்கம் பாருங்க.”

அக்கா கண்ணைத் திறந்து திரும்பினார். பச்சைப் பாவாடை எங்கள் மூவரையும் தாண்டிப் பாலத்தைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. மின்மினிக் கம்பமும், அதற்கு மேலே பழைய தோட்டமும் இருக்கிற திசை. அவர் கை கைப்பிடியிலிருந்து நழுவியது. புடவை நனைவது தெரியாமல் இன்னும் ஒரு படி இறங்கினார்.

“ஏ, எங்கடி போற?” என்றார், தெருவில் ஓடுகிற பிள்ளையைக் கூப்பிடுவது போல. பிறகு எங்களைப் பார்த்தார். முகமெல்லாம் தண்ணீர்.

“வீட்டுக்குப் போறா.”